எத்தனை நாள் ஓட்டம்?

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விண்வெளியின் தொலைவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் கூறியபோது, விழாக் குழுவினர் சற்றே வியப்படைந்தனர். தமிழாசிரியருக்கும் விண்மீனுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் நகைத்தபடியே கேட்டார். கேள்வி நியாயமானதே. முப்பதாண்டுகளுக்கு மேல் நான் இலக்கணமும் செய்யுளும் கற்பித்தவன். கணிதம் எனக்குப் பள்ளியிறுதியோடு விடைபெற்றுக்கொண்டது. ஆயினும், பணிக்காலத்தில் ஒரு மீனவச் சிறுவன் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று, இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு நான் தேடிய விடை என்னை வானத்துக்கும் அழைத்துச் சென்றது. நம் சமயத்தின் நடுப்பொருள் ஒன்றுக்கும் திரும்ப அழைத்து வந்தது. அந்த வழியை உங்களுக்கும் காட்டவே இங்கு நிற்கிறேன்.

சிறுவனின் கேள்வி

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த எனக்கு, 1990களில் பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளி ஒன்றில் பணி கிடைத்தது. பழவேற்காட்டை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். பொன்னேரியைக் கடந்து கிழக்கே சென்றால், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி நம் கண்முன் விரியும். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்திய ஊர் அது. அவர்களுடைய கல்லறைகள் இன்னும் அங்கே உள்ளன. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டின் வடபகுதியே ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் புறப்பட்டது முதல், இந்நாடு வானத்துக்கு அனுப்பும் கலங்களெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்தே எழுகின்றன.

ஒருநாள் நாங்கள் பள்ளி முற்றத்தில் நின்று ராக்கெட் ஒன்று எழுவதைக் கண்டோம். வடக்கே தீப்பிழம்பு ஒன்று ஓசையின்றி மேலேறியது; ஓசை பின்னர்தான் வந்து ஓட்டுக் கூரையை அதிரச் செய்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். அது எவ்வளவு உயரம் போகும் என்று ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்டான். செய்தித்தாளில் படித்திருந்ததை நினைவுகூர்ந்து, ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் என்றேன். அவன் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை.

"எண்ணூறு கிலோமீட்டர்னா எத்தனை நாள் ஓட்டம் ஐயா?" என்றான்.

எனக்கு அக்கேள்வி முதலில் விளங்கவில்லை. அவனுடைய ஊரில் கடலைக் கிலோமீட்டரால் எவரும் அளப்பதில்லை. படகு எடுத்து எவ்வளவு நேரம் ஓடினால் எந்த மீன் கிடைக்கும் இடத்தை அடையலாம் என்பதே அவர்களது கணக்கு. நேரமே அவர்களுக்குத் தூரம். நான் கூறிய எண் அவனுக்கு வெறும் ஒலியாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது வெறும் ஒலிதான். அவன் அதை மறைக்கவில்லை, நான் மறைத்தேன். அவ்வளவே வேறுபாடு.

"உனக்குத் தெரியுமா?" என்று மடக்கினேன். "எங்கப்பாவுக்குத் தெரியும் ஐயா. வீட்டுக்கு வாங்க" என்றான்.

இளநீரும் இரு விளக்குகளும்

இங்கே ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதுவரை இரண்டாண்டுகள் அவ்வூரில் பணியாற்றியும், எந்த மாணவன் வீட்டுப் படியையும் நான் மிதித்ததில்லை. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவன், வலையும் கருவாடும் வாழ்வாக உள்ள குப்பத்தில் எப்படிப் புழங்குவது என்று தயங்கினேன். பள்ளிக்கும் அறைக்கும் இடையே ஒரே வழியில் நடந்தேன். வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில், நான் ஒழுக்கம் தவறாமல் இருப்பதாகப் பெருமையோடு எழுதினேன். அம்மக்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தச் சிறுவன் விடவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, அறையிலேயே உணவை முடித்துக்கொண்டு புறப்பட்டேன். கடலோரக் குப்பத்தில் அவன் வீடு. திண்ணையில் பாய் விரித்திருந்தார்கள். நான் அமர்ந்ததும் அவன் தாய் சீவிய இளநீர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பொழுது சாயறதுக்குள்ள குடிச்சிடுங்க சார். அப்புறம் நீங்க எதுவும் தொட மாட்டீங்களாமே" என்றார்.

நான் திகைத்துப் போனேன். நாம் இரவில் உண்பதில்லை என்பதை அவர் எவரிடமோ கேட்டு அறிந்திருந்தார். தம் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் தந்தால் நான் தயங்குவேன் என்பதையும் உணர்ந்திருந்தார். ஆகவே எந்தப் பாத்திரமும் தீண்டாத நீரை, எவ்வுயிருக்கும் ஊறு நேராத உணவை, சூரியன் மறையுமுன் தந்தார். நான் அவர்கள் இடத்தில் நின்று ஒருமுறையும் பார்த்ததில்லை. அவர்களோ என் இடத்தில் நின்று பார்த்து முடித்திருந்தார்கள்.

இருட்டிய பிறகு அச்சிறுவனின் தந்தையார் என்னைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கடலில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் இருந்தன.

"எது கிட்ட இருக்குது, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

பளிச்சென்றிருப்பதே அருகில் என்றேன். அவர் சிரித்தார். "அது கப்பலு சார், ரொம்ப தூரம். மங்கலா இருக்குறதுதான் நம்ம ஆளு படகு" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "நின்ன எடத்துலயே நின்னு பாத்தா யாருக்கும் தெரியாது. கொஞ்சம் நடங்க" என்றார்.

கடலைப் பார்த்தபடியே கரையோரமாகத் தெற்கு நோக்கி நடந்தோம். இருநூறு தப்படி சென்றிருப்போம். முன்பு அருகருகே இருந்த விளக்குகள் விலகத் தொடங்கின. மங்கலான விளக்கு இடப்பக்கமாக நகர்ந்தது. பளிச்சென்ற விளக்கு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. நாம் நகரும்போது மிகுதியாக நகர்ந்து தோன்றுவது அருகில் உள்ளது. அசையாததுபோல் தோன்றுவது தொலைவில் உள்ளது. கரையில் தோன்றும் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் கடலில் தாம் நிற்கும் இடத்தையும் அறிவதாக அவர் விளக்கினார். எழுதப்படிக்க அறியாத அம்மனிதர் அன்றிரவு எனக்குக் கற்பித்ததுதான், வானியலார் விண்மீன்களின் தொலைவை அளக்கும் முறை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நூல்களில் படித்தறிந்தேன்.

நடையின் நீளம்

குழந்தைகளே, உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின்பு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகிறதல்லவா? இரு கண்களும் இரு வேறு இடங்களில் இருப்பதால் வரும் தோற்றம் அது. இதனை இடமாறு தோற்றம் என்பர். பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அவ்வளவு நீளமாக நாம் நடந்து சென்று பார்க்க வேண்டும். விரலுக்கு இரு கண்களின் இடைவெளி போதும். படகுக்கு இருநூறு தப்படி வேண்டும். சூரியனுக்கு?

சூரியனின் தொலைவை அறிய உலகின் இரு கோடிகள் தேவைப்பட்டன. சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சியை, பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்துக் குறித்தால், அப்புள்ளி சற்றே வேறுவேறு பாதையில் செல்வதாகத் தோன்றும். அந்த வேறுபாட்டிலிருந்து சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். 1874 டிசம்பர் 9ஆம் நாள் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. அதைக் காண உலகெங்கும் குழுக்கள் சென்றன. நம் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அவர்கள், அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். பழவேற்காட்டிலிருந்து ஒருநாள் நடையில் அடையக்கூடிய ஊரில், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், வானத்தின் அளவைத் தம் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று ஒருவர் கருதினார் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

விண்மீன்களுக்கோ பூமியின் அகலமும் போதவில்லை. பூமி சூரியனைச் சுற்றி வருவதால், ஆறு திங்களில் நாம் முப்பது கோடி கிலோமீட்டர் இடம்பெயர்ந்துவிடுகிறோம். நாம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தாலும் அந்த நடை நடந்தேறிவிடுகிறது. தை மாதத்தில் ஒரு விண்மீனைப் பார்த்து, ஆடியில் மீண்டும் பார்த்தால், அது மிகச் சிறிதே இடம் மாறியிருக்கும். 1838இல் பெசல் என்னும் செருமானிய அறிஞர், அன்னக் கூட்டத்தில் உள்ள விண்மீன் ஒன்றின் மாற்றத்தை முதன்முதலில் அளந்தார். எவ்வளவு நுண்ணிய அளவு தெரியுமா? பல கிலோமீட்டர் தொலைவில் பிடித்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் நம் கண்ணுக்கு எவ்வளவோ, அவ்வளவு. அந்த விண்மீனின் ஒளி நம்மை வந்தடையப் பதினோராண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வாணிகம் செய்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், அவர்கள் நாட்டு மேதை ஹைகன்ஸ் வேறொரு வழியில் முயன்றார். சிறு துளை வழியே வரும் சூரிய ஒளியைச் சீரியசு விண்மீனின் ஒளியோடு ஒப்பிட்டு, அவ்விண்மீன் சூரியனைப்போல் 27,664 மடங்கு தொலைவில் இருப்பதாகக் கணக்கிட்டார். அவர் இறந்தபின் 1698இல் வெளியான நூலில் இக்கணக்கு உள்ளது. உண்மைத் தொலைவு அதனினும் ஏறத்தாழ இருபது மடங்கு மிகுதி. பிழைக்கு ஒரு காரணம் என்ன? விண்மீன்கள் எல்லாம் சூரியனைப் போன்றே ஒளி உடையவை என்று அவர் எடுத்துக்கொண்டார். சீரியசோ சூரியனைவிடப் பன்மடங்கு ஒளி மிக்கது. பளிச்சென்ற விளக்கே அருகில் என்று நான் கடற்கரையில் சொன்னேனே, அந்தப் பிழையும் இந்தப் பிழையும் ஒரே குடும்பம். இவ்வளவு பெரிய அறிஞரோடு ஒரே பிழையில் பங்குபெற்றதில் எனக்குச் சிறிது ஆறுதலும் உண்டு.

சுண்டைக்காயும் மாட்டுவண்டிச் சக்கரமும்

அளந்தாயிற்று. மனத்தில் இருத்துவது எப்படி? ஓய்வுபெற்ற பின்னர் என் பேரப்பிள்ளைகளுக்காக நான் செய்து பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். பத்து இலட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அப்போது சூரியன் ஒரு மாட்டுவண்டிச் சக்கர அளவு ஆகிவிடும். அதைப் பழவேற்காட்டுக் கடற்கரையில் நிறுத்துவோம். நம் பூமி ஒரு சுண்டைக்காய். அது சக்கரத்திலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கிடக்கும். நிலவு ஓர் உளுந்து. அது சுண்டைக்காயிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கும். மனிதர் இதுவரை தாமே சென்று கால்வைத்த மிகத் தொலைவு அந்த ஒரு முழந்தான். 2023 ஜூலை 14இல் எழுந்து ஆகஸ்டு 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 நாற்பது நாளில் கடந்ததும் அதுவே. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்துக்காரர். மேல்சித்தாமூர் செல்லும் நம்மில் பலருக்கு அண்டை ஊர்க்காரர்.

செங்கோட்டையில் பிறந்த நிகர் சாஜி அம்மையார் தலைமையில் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா-எல்1, நான்கு திங்கள் பயணம் செய்து சுண்டைக்காயிலிருந்து ஒன்றரை மீட்டர் சென்று நின்றிருக்கிறது. சக்கரத்துக்கு உள்ள தூரத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. வியாழன் ஒரு தேங்காயளவில் முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. கடைசிக் கோளான நெப்டியூன் நாலரைக் கிலோமீட்டரில் உள்ளது. 1977இல் புறப்பட்டு, மனிதர் செய்த பொருள்களிலெல்லாம் மிகத் தொலைவு சென்றுவிட்ட வாயேஜர்-1 கலம், ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டரில், பொன்னேரிக்கு அப்பால் சென்றுகொண்டிருக்கிறது.

அந்த ராக்கெட் கொண்டுசென்ற செயற்கைக்கோள் எங்கே? எங்கள் கூரையை அதிர வைத்துச் சென்றதே, அது சுண்டைக்காயின் தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகவில்லை.

இனி, அடுத்த விண்மீன் எங்கே? சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி. இந்தச் சுருக்கிய அளவிலும் அது 40,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்பது மெய்யான இப்பூமியின் முழுச் சுற்றளவு. பழவேற்காட்டுக் கடற்கரையில் சக்கரத்தை வைத்துவிட்டு, வங்கக் கடலில் இறங்கிக் கிழக்கே சென்று, பசிபிக்கையும் அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் ஆப்பிரிக்காவையும் கடந்து, அரபிக்கடல் வழியே மேற்கிலிருந்து மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்து சேரும் தூரம் அது. அதுவரை வழியில் வேறொரு விளக்கு இல்லை. அதுவும் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன்!

இந்த அளவில் ஒளியின் வேகம் என்ன தெரியுமா? நொடிக்கு ஓர் அடி. தவழும் குழந்தையின் வேகம். சக்கரத்திலிருந்து சுண்டைக்காய்க்கு அக்குழந்தை தவழ்ந்து வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகிறது. பொன்னேரிக்கு அப்பால் உள்ள வாயேஜரை அடைய ஏறத்தாழ ஒருநாள். உலகைச் சுற்றி அடுத்த விண்மீனை அடைய நாலேகால் ஆண்டு. ஒளியாண்டு என்னும் சொல்லைப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தோம். அச்சொல்லின் பொருள் ஒளிக்கு எத்தனை ஆண்டு ஓட்டம் என்பதே. வானியலாரும் முடிவில் அந்த மீனவச் சிறுவன் வழிக்கே வந்தனர். தூரத்தை நேரத்தால் சொன்னார்கள்.

அவனுக்கு அன்று நான் சொல்லத் தவறிய விடையை இப்போது சொல்லிவிடுகிறேன். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் இயந்திரப் படகில், இரவு பகல் நிற்காமல் சென்றால், அந்தச் செயற்கைக்கோளின் உயரம் இரண்டேகால் நாள் ஓட்டம். நிலவு மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. சூரியன் ஏறத்தாழ 1,140 ஆண்டு. அதாவது, முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் புறப்பட்டிருந்தால் அந்தப் படகு இன்றுதான் ஆதித்தனை அடைந்திருக்கும். அடுத்த விண்மீன் முப்பது கோடி ஆண்டு ஓட்டம். இங்கு நேரமும் நம்மைக் கைவிடுகிறது. முப்பது கோடி ஆண்டு என்பதை எவர் மனத்தில் கொள்வார்?

நம் முன்னோர் செய்தது

இவ்விடத்தில்தான் நம் ஆகம மரபை நினைத்துப் பார்க்கிறேன். நம் முன்னோர் எண்களை மூவகையாக வகுத்தனர். எண்ணக்கூடியது சங்கியாதம், எண்ணில் அடங்காதது அசங்கியாதம், முடிவே இல்லாதது அனந்தம். எண்ண இயலாததும் முடிவற்றதும் ஒன்றல்ல என்று கண்டு பிரித்த நுட்பம் வியப்புக்குரியது. எண்ணால் சொல்ல இயலாத காலத்தை அவர்கள் உவமையால் சொன்னார்கள். ஒரு யோசனை அகலமும் ஆழமும் உடைய குழியில், பிறந்து ஏழு நாளுக்குட்பட்ட ஆட்டுக்குட்டியின் நுண்மயிர்களை நெருக்கி நிரப்பி, நூறாண்டுக்கு ஒரு மயிராக எடுத்தால், குழி வெறுமையாக ஆகும் காலத்தை அடிப்படையாகக் கொண்டது பல்யோபமம் என்னும் அளவு. அத்தகைய பல்யங்கள் பத்துக் கோடாகோடி சேர்ந்தது சாகரோபமம். சாகரம் என்றால் கடல். உலகின் உயரத்தைப் பதினான்கு ரஜ்ஜு என்றனர். ரஜ்ஜு என்றால் கயிறு. ஆழம் பார்க்கக் கயிற்றை இறக்கி, கைகளை விரித்து அளக்கும் பழவேற்காட்டார் இவ்விரு சொற்களையும் கேட்டால் தம் வீட்டுச் சொற்கள் என்றே கருதுவர்.

நம் நூல்கள் கூறும் லோகத்தின் வடிவமும் இன்றைய வானியலும் ஒன்றே என்று நான் வாதிட வரவில்லை. அப்படி வாதிடுவது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது. நான் போற்றுவது, மனத்துக்கு எட்டாததன்முன் அவர்கள் கொண்ட துணிவையும் பணிவையும். எட்டாது என்று விட்டுவிடவில்லை. எட்டிவிட்டது என்று செருக்கவும் இல்லை. கைக்கு அடங்கும் மயிரையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அளவிறந்ததை நோக்கி நடந்தனர். நம் சுண்டைக்காய்க் கணக்கும் அதே வழியில் வைத்த சிறு அடிதான்.

இதனினும் பெரிய கொடை அநேகாந்தம். ஒரு பொருளை ஒரே நிலையில் நின்று பார்த்து, இதுவே முழு உண்மை என்பது ஏகாந்தம். பொருள் பல தன்மை உடையது. ஒவ்வொரு நோக்கும் ஒவ்வொரு பக்கத்தையே காட்டும் என்பது அநேகாந்தம். இதனை நான் இளமையில் பாடமாகப் படித்தேன், தேர்வில் எழுதினேன், மேடைகளில் பேசினேன். பழவேற்காட்டுக் கரையில் இருநூறு தப்படி நடந்த அந்த இரவில்தான் அதைக் கண்ணால் கண்டேன். நின்ற இடத்திலேயே நிற்பவனுக்குத் தொலைவு தெரியாது. கூர்மையான கண் இருந்தும் பயனில்லை. நகர வேண்டும்.

ஏவுதல் நாளில் கரை

இன்னும் ஒன்று. ராக்கெட் ஏவப்படும் நாள்களில் பாதுகாப்பை முன்னிட்டு, அக்கடற்பகுதிக்குச் செல்ல வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். அது தேவையான அறிவிப்பே. நாம் நம் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்து கைதட்டுகிறோம். குப்பத்தில் அன்று படகுகள் மணலில் கிடக்கும். அன்றைய வருவாய் இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் கரையில் நின்று கைதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அச்சிறுவனின் தந்தையாரிடம், இதனால் உங்களுக்கு இழப்புத்தானே என்றேன். "இழப்புத்தான் சார். ஆனா அதுவும் நம்ம கரையிலேருந்து போற படகுதானே" என்றார். பெருமையும் இழப்பும் அவர் பேச்சில் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நம் கூடத்திலிருந்து பார்த்தால் அந்த ராக்கெட்டின் ஒரு பக்கந்தான் தெரியும். அவர் கரையிலிருந்தும் பார்த்தால்தான் அந்த வெற்றிக்கு யார் யார் பங்கு தந்தார்கள் என்பது விளங்கும்.

சிலர் மனத்தில் ஓர் ஐயம் எழலாம். அவர்கள் தொழிலை நீர் ஏற்றுக்கொண்டீரா என்று என் தமையனாரே கேட்டார். இல்லை. கொல்லாமையிலிருந்து நான் ஒரு மயிரிழையும் விலகவில்லை. அன்றும் இன்றும் அதுவே என் அறம். அநேகாந்தம் நம் விரதத்தைக் கைவிடச் சொல்வதில்லை. ஆனால், என் விரதத்தைக் காப்பதற்காக மனிதரிடமிருந்து விலகி நடந்தேனே, அதில் அறம் எவ்வளவு, செருக்கு எவ்வளவு என்று அளந்து பார்க்க அந்த நடை எனக்குக் கற்றுத் தந்தது. அளந்தபோது, செருக்கின் பங்கு நான் எண்ணியதைவிட மிகுதியாகவே இருந்தது. அதன்பின் அவ்வூரில் இருந்த ஆண்டுகளில், பல வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் பொழுது சாயுமுன் இளநீர் வந்தது. எவரும் என்னை வேறெதுவும் உண்ணச் சொல்லவில்லை.

குழந்தைகளே, இன்று மாலை வீடு திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். தாயாரிடம் ஒரு சுண்டைக்காயும் ஓர் உளுந்தும் கேட்டு வாங்குங்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டுத் தரையில் வையுங்கள். பிறகு தெருவுக்கு வந்து 150 மீட்டர் நடந்து, சூரியன் நிற்க வேண்டிய இடத்திலிருந்து திரும்பிப் பாருங்கள். சுண்டைக்காய் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நாம் சண்டையிடும் வரப்புகளும், நாம் விலக்கி வைத்த மனிதரும், நம்மை விலக்கி வைத்த மனிதரும், நம் கோயில்களும், அவர்கள் குப்பங்களும், கடலின் எல்லா மீன்களும் அதன்மேல்தான் இருக்கின்றன.

திரும்பி வரும் வழியில், இதுவரை நீங்கள் நுழையாத வீடு ஏதேனும் உங்கள் தெருவில் இருந்தால், அதன் வாசலில் ஒரு கணம் நில்லுங்கள். அங்கிருந்து உங்கள் வீடு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

 எல்லா உயிரும் இன்புறுக.